தப்பு லயம்

1

இன்று காலை ஏழு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு வெலிங்டனில் எங்கள் வீடு ஏழு விநாடி ஆடியது. நான் சமையலறை மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பாக்கியம் அடுப்பிலிருந்த பால் சட்டியைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டாள். பேத்தி மாலினி பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து படுத்திருந்த மகள் சரோஜா எழும்பவே இல்லை. நான் விநாடியை எண்ணினேன்.

"ஏழு" என்றேன். மேசைக்கு அடியிலிருந்து "ஒன்பது" என்று குரல் வந்தது. மாலினி ஆங்கிலத்தில் எண்ணுகிறாள். ஆங்கில எண்கள் குட்டையானவை, ஓடிவிடும். அதனால்தான் இரண்டு கூடுதலாக வருகிறது. தமிழில் எண்ணினால் சரியாக வரும் என்று சொன்னேன்.

"தமிழ்ல எண்ணி முடிக்கிறதுக்குள்ள வீடு விழுந்திரும் தாத்தா" என்றாள்.

கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடமும் மூன்று மாதமும் ஆகின்றன. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு மகள் எங்களை இங்கே கூப்பிட்டுக்கொண்டாள். என் நோட்டுப் புத்தகத்தில் இது முப்பத்தெட்டாவது ஆட்டம். வீடு சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து வாசலுக்கு நாற்பத்தேழு படி. நகரத்துக்குள்ளேயே ஒரு பூமிப் பிளவு ஓடுகிறது, அது எங்கள் வாசலிலிருந்து முந்நூற்று இருபது எட்டுத் தூரம். எட்டு வைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வீடு வாங்கும்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பக்கமே வரவிட்டிருக்க மாட்டேன். கடல் தெரிகிற வீடு என்று சரோஜாவுக்குப் பெருமை.

மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் மாலினிக்கு வீட்டுப்பாடம் ஞாபகம் வந்தது. பூமி உடைந்து நகர்கிற கோட்டுக்கு ஆங்கிலத்தில் ஃபோல்ட் லைன் என்று பெயர். அவரவர் வீட்டு மொழியில் அதற்கு என்ன சொல் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியை. எல்லாவற்றையும் வகுப்புச் சுவரில் ஒட்டப்போகிறார்களாம். மாலினி பென்சிலைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"தப்பு லயம்" என்று வாயில் வந்துவிட்டது.

பாக்கியம் அடுப்பைப் பார்த்தபடியே, "அத ஒரு தடவ எழுதிப் பட்டது போதும். புள்ளைக்கும் எழுதிக் குடுக்காதீங்க" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது. தப்பு லயத்தைப் பற்றிய கடிதம்தான். அதை ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு எதையும் ஒன்றிலிருந்து எண்ணித்தான் பழக்கம்.

2

எங்கள் தேயிலைத் தோட்டம் மலையகத்தில், திம்புள்ளப் பக்கம். நான் அங்கே இருபத்தொன்பது வருடம் ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்தேன். என் அப்பா முத்தன், மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் கத்திக்குப் பதிலாகப் பேனா கிடைத்தது.

மலையகத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காக இரண்டு வரி. தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளில் இருந்தன. அந்த வரிசையை வெள்ளைக்காரன் லைன் என்றான், நாங்கள் லயம் என்றோம். விடியும்போது ஒருவர் தப்பு என்கிற பறையை அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் களத்தில் கூடுவார்கள், அதுதான் பெரட்டு. அங்கே வேலைக்கு வந்தவர்களின் பேர் செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில் விழும். முழு நாள் வேலைக்கு முழுப்பேர். பாதி நாளுக்கு அரைப்பேர்.

பக்கத்துத் தோட்டங்களில் சங்கு ஊத ஆரம்பித்த பிறகும் எங்கள் தோட்டத்தில் தப்புதான். அதை அடித்தவர் கறுப்பையா. அவரும் அவருடைய சொந்தக்காரர்களும் இருந்தது ஒன்பதாம் நம்பர் லயம், எல்லா லயத்துக்கும் கீழே, ஓடையை ஒட்டி. பதினான்கு காம்பரா (அறைக்கு அங்கே அதுதான் பேர்), அறுபத்து மூன்று ஆட்கள். ஆபீஸ் புத்தகத்தில் ஒன்பதாம் நம்பர் லயம், பேச்சில் தப்பு லயம். அந்தப் பெயருக்குள் கொஞ்சம் ஏளனமும் இருந்தது. சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

அந்த லயத்தின் சுவர்கள் ஒவ்வொரு மழைக்கும் பிளந்தன. தோட்டத்தை நடத்த வந்த தொரைமார் மூன்று பேர் புதிய வீடு கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு மாற்றலாகிப் போனார்கள். நான்காவது தொரை காலத்தில்தான், எண்பதாம் ஆண்டுக் கடைசியில், பழைய லயத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுவது என்று முடிவாகிக் கருங்கல் வந்து இறங்கியது. பதினேழு லொறி. தோட்டத்தில் வேறு எந்த லயத்துக்கும் அப்படி ஒரு கல் இறங்கியதில்லை. ஒன்பதாம் லயத்துப் பெண்கள் கொழுந்துக்குப் போகிற வழியில் நின்று அந்தக் கற்குவியலைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

3

அதே சமயத்தில் கீழே ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அணை நிறைந்தால் அந்தப் பாரத்துக்கு மலை என்ன செய்யும், அடியில் எங்கே பிளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு நிலவியல் ஆய்வாளர் வந்தார். ஜயவீர என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஒன்பதாம் லயத்துக்கு முப்பது எட்டுத் தூரம் மேலே பழைய பிள்ளைக் காம்பரா ஒன்று பூட்டிக் கிடந்தது. முன்பு கொழுந்துக்காரிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடம். அதன் தரை பாறைமேல் இருந்ததால் அங்கே தன் கருவியை வைத்தார்.

கருவி என்றால் ஒரு பெட்டி. உள்ளே ஓர் உருளை சுழலும். உருளையைச் சுற்றிக் கரி பூசிய காகிதம், அதன்மேல் ஓர் ஊசி. பாறையில் பதித்த உருண்டை அசைந்தால் ஊசியும் அசைந்து கரியில் வெள்ளைக் கோடு கீறும். தினமும் காகிதம் மாற்ற வேண்டும். புதிய காகிதத்தை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டி ஒரே சீராகக் கரி பிடிக்க வைக்க வேண்டும், வானொலி மணிக்குக் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும், எடுத்த காகிதத்துக்கு வார்னிஷ் பூச வேண்டும். நேரம் தவறாத ஆள் யார் என்று கேட்டபோது தொரை என்னைக் காட்டினார்.

நான்காம் நாளே எனக்குக் கோடுகள் பிடிபட்டன. ஸ்டோரில் தேயிலை அரைக்கும் மெஷின் ஓடினால் கோடு தடித்துப் புழுவாக நெளியும். அணைக்கட்டில் நாளுக்கு இரண்டு தரம், சொல்லி வைத்த நேரத்தில், வெடி வைப்பார்கள். அது ஒரு குத்து. விடியற்காலைத் தப்பு சீப்புப் பல்லாக வரிசையாக விழும். இவை தவிர இன்னொன்று இருந்தது. முதலில் ஒரு சின்ன உதை, மயிரிழை தள்ளி ஒரு பெரிய உதை, பிறகு அடங்கிப் போகும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு உதைக்கும் நடுவே எப்போதும் ஒரே இடைவெளி, முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு.

ஜயவீர இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை திங்கட்கிழமைகளில் வருவார். இந்த இரட்டை உதைகளைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார். தப்புச் சத்தம், விறகு பிளப்பது, ஆட்கள் நடப்பது, எல்லாம் மனிதர் போடும் சத்தம் என்றார். ஞாயிற்றுக்கிழமை தப்பு இல்லையே என்றேன். ஞாயிற்றுக்கிழமைதானே எல்லாரும் வீட்டிலிருந்து விறகு பிளக்கிறார்கள் என்றார். எனக்கு ஆத்திரம். நான் எண்ணியதை ஒருவர் அடித்தால் இரண்டு நாள் சோறு இறங்காது. செக்ரோல் மாதிரி ஒரு புத்தகம் போட்டு, அவர் அடித்தவற்றையெல்லாம் அதில் அரைப்பேர் என்று பதிந்துவைத்தேன். ஐந்து மாதத்தில் எழுபத்து நான்கு அரைப்பேர் சேர்ந்தது.

அதை அவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். ஒரு வாரம் தப்பையும் ஸ்டோரையும் நிறுத்தி, அந்த லயத்திலும் ஆள் நடமாட்டம் இல்லாமல் செய்தால், அதற்குப் பிறகும் இந்தக் கோடு விழுந்தால், ஒத்துக்கொள்கிறேன் என்றார். கொழுந்து மலிந்த காலத்தில் தோட்டத்தை ஒரு வாரம் நிறுத்த எந்தத் தொரை சம்மதிப்பான்? நடக்காது என்று தெரிந்துதான் சொன்னார்.

4

வெலிங்டனுக்குத் திரும்புகிறேன். இங்கே ஆட்டம் வந்தால் நிரப்பி அனுப்ப ஒரு படிவம் உண்டு. நிலநடுக்க ஆய்வுக்கூடத்துக்கு எழுதிக் கேட்டு மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறேன். நின்றீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா, பீங்கான் குலுங்கியதா, பயந்தீர்களா என்று இருபத்திரண்டு கேள்விகள். கடைசிக் கேள்வி, எத்தனை பேருக்குக் காயம் அல்லது உயிர்ச்சேதம். அதற்கு ஒரு சின்னக் கட்டம். தோட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பிரஜாவுரிமை மனு நிரப்பிக் கொடுத்தவனுக்கு இது பெரிய வேலையில்லை. அங்கே தாத்தா எங்கே பிறந்தார் என்று கேட்பார்கள். இங்கே தட்டு உடைந்ததா என்றுதான் கேட்கிறார்கள்.

பெயரில்தான் கோளாறு. என் பெயர் மு. தங்கராஜா. முன்னால் நிற்கும் எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அதையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். மூன்று கந்தோருக்குப் போய் விளக்கினேன். மூன்றாவது கந்தோரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மிஸ்டர் முத்தன்" என்றாள். உயிரோடு இருந்தவரை என் அப்பாவுக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. இப்போது வாரத்துக்கு நாலு வருகிறது.

ஒரு சொல் இடம் மாறினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

5

எண்பத்தொன்றில், தேதி வேண்டாம், ஜயவீரவின் மேலிடத்திலிருந்து தொரைக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆற்றோரமாக, தோட்டத்துக்கு வெளியே, ஒரு ஃபோல்ட் லைன் இருக்கக்கூடும், அந்த ஃபோல்ட் லைன்மேல் யாரும் புதிய கட்டடம் கட்ட வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். ஆட்களுக்குத் தமிழில் ஒட்டிவிடுங்கள் என்று தொரை என்னிடம் தந்தார்.

அன்று எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது, மாதக் கடைசி, சனிக்கிழமை. ஃபோல்ட் என்றால் தப்பு. லைன் என்றால் லயம். வாழ்நாள் முழுக்க நான் லைனை லயம் என்றே எழுதியவன். பேனா தானாக ஓடியது. "தப்பு லயத்தில் எவரும் புதிய கட்டடம் எதுவும் கட்டக்கூடாது. உத்தரவு." கையெழுத்தும் முத்திரையும் போட்டுப் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டிவிட்டுப் போய் வெந்நீரில் ஆவி பிடித்தேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது தப்புச் சத்தம் இல்லை.

நான் களத்துக்குப் போனேன். ஆள் வரவில்லை. பாதி தூரம் இறங்கியபோது ஒன்பதாம் லயத்தார் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் கறுப்பையா. என் வயதுதான் அவருக்கு. ஆனால் அவர் என்னை ஐயா என்பார், நான் அவரை நீ என்பேன். அப்போது அப்படி.

"பதினேழு லொறி கல்லு எறக்கிட்டு, கட்டக்கூடாதுன்னு எழுதிட்டீங்களே ஐயா. எங்க லயத்துல என்னங்க தப்பு?"

"கறுப்பையா, நான் எழுதினது உங்க லயத்துத் தப்பு இல்ல. பூமியில இருக்கிற தப்பு."

"பூமி என்னங்க தப்புப் பண்ணுச்சு?"

பின்னால் நின்ற ஒரு பெண், "பூமி பண்ணுன தப்புக்கு நம்ம வீட்டத்தான் நிறுத்துவாங்க. நாமதானே கீழ இருக்கோம்" என்றாள்.

ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன், கோடு என்றேன், வெடிப்பு என்றேன். எனக்கே நான் பேசுவது சமாளிப்பாகத்தான் கேட்டது. நோட்டீசைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். கிழித்ததை யாரும் நம்பவில்லை. ஒட்டும்போது முத்திரை இருந்தது, கிழிக்கும்போது முத்திரை இல்லையே. கறுப்பையா தப்பை ஆபீஸ் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டார். கட்டட வேலை தொடங்குகிற நாளில் எடுத்து அடிப்பேன் என்றார். மற்ற லயத்தாரும் வேலைக்கு இறங்கவில்லை. ஒன்பதாம் லயத்தை ஏளனம் பண்ணியவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். கொழுந்து இல்லாமல் ஸ்டோர் நின்றது. தொரை என்னைக் கூப்பிட்டு, உங்கள் சொல்லால் வந்தது, நீங்களே தீருங்கள் என்றார்.

நான் தீர்க்கவில்லை. காகிதம் மாற்றினேன். அந்த ஒரு வேலைதான் என் கையில் மிஞ்சியிருந்தது.

6

ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு ஆபீசிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு எண்ணூற்றுப் பத்து எட்டு நடந்தேன். ஒன்பதாம் லயத்துச் சனம் முழுதும் ஆபீஸ் வாசலுக்குப் போகும் நேரம் அது. ஒற்றையடிப் பாதையில் எதிர்ப்படுவோம். "வழி விடுங்கடி, தப்பு எழுதுற ஐயா வாறாரு" என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் சிரிக்காமல் ஒதுங்குவார்கள். சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காகிதத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் மண்டையில் உறைத்தது. தப்பு இல்லை. ஸ்டோர் இல்லை. லயத்தில் ஆளே இல்லை, எல்லாரும் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். ஜயவீர கேட்ட வாரம் இதுதான். காகிதத்தில் சீப்புப் பல் இல்லை, நெளிகிற புழு இல்லை. கரும்பலகை மாதிரிச் சுத்தமாக இருந்த இடத்தில் இரட்டை உதை, அதே இடைவெளியில், மூன்று. அவசரத்தில் வார்னிஷைக் கொட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து பகலில் மூன்று தடவை ஆபீஸ் வாசலில் ஆட்களை எண்ணினேன். நான் வேலைக்கு வராதவர்களைக் குறிக்கிறேன் என்று நினைத்து முறைத்தார்கள். ஒன்பதாம் லயத்தார் யாரும் கீழே இல்லை என்று எழுதி, நேரத்தையும் பக்கத்தில் எழுதினேன்.

ஆறாம் நாள் காலை ஒன்பதரை இருக்கும். நான் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஊசி என் கண்முன்னால் துள்ளியது. கூடவே காலுக்கு அடியில், தூரத்தில் லொறி மண் கொட்டுவதுபோல ஒரு சத்தம். நிமிர்ந்தால் வாசலில் கறுப்பையா. ஆட்டுக்குத் தழை போட வந்தவர்.

"உங்களுக்கும் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு. என்ன அது?"

"மலை இருமுது. ரொம்ப நாளா இருமுது."

ஒன்பதாம் லயத்தில் எல்லாருக்கும் அது தெரியுமாம், பேரும் வைத்திருக்கிறார்கள். ஏன் ஆபீசில் சொல்லவில்லை என்று கேட்டேன். சுவர் வெடிக்கிறது என்று சொன்னதற்கே மூன்று தொரை போய்விட்டார்கள், மலை இருமுகிறது என்று சொல்லவா என்று கேட்டார். பிறகு என்னைத் தன் காம்பராவுக்குள் கூட்டிப்போனார். அத்தனை வருடத்தில் நான் அந்த லயத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். தரையில், அடுப்பிலிருந்து வாசல்வரை, ஒரு வெடிப்பு. வருடம் தவறாமல் தைப்பொங்கலுக்கு மண் பூசி மெழுகுவார்களாம், அடுத்த பொங்கலுக்குள் திறந்துவிடுமாம். அடிமட்டத்தை வைத்து அளந்தேன். வெடிப்புக்கு அந்தப் பக்கத்துத் தரை இந்தப் பக்கத்தைவிட முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. அடுத்த காம்பராவிலும் அதே கோடு, அதற்கு அடுத்ததிலும். பதினான்கு காம்பராவிலும் எண்ணினேன். ஒன்பது காம்பராவில் அது நேர்க்கோடாகப் போனது.

"கறுப்பையா, நீங்க திங்கக்கிழமை இங்க இருக்கணும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் நீங்க என்று சொன்னது எனக்கே பிறகுதான் கேட்டது.

திங்கட்கிழமை ஜயவீரவின் ஜீப் வந்தது. ஏழு காகிதங்களையும் பிள்ளைக் காம்பராத் தரையில் வரிசையாக விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தேன். பகல் நேரத்தில் மட்டும், அணைக்கட்டு வெடி நீங்கலாக, பதினொன்று. மூன்றாம் நாளிலிருந்து விழுந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்ற கணக்கு. அவர் முழங்காலில் நின்று பூதக்கண்ணாடியோடு ஒன்று ஒன்றாகப் போனார். சிவப்புப் பென்சில் கையில் இருந்தது. ஏழாவது காகிதத்துக்கு வந்தபோது அது பைக்குள் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தாறு நிமிடம்.

"மாத்தயா" என்று சிங்களத்தில் ஐயா போட்டு என்னைக் கூப்பிட்டார். "நடக்காதுன்னு நெனச்சு ஒரு வாரம் கேட்டேன். எப்படி நிறுத்தினீங்க?"

"தப்பா மொழிபெயர்த்தேன்" என்றேன்.

கறுப்பையாவின் காம்பராவில் அந்த வெடிப்பின்மேல் அவர் தரையோடு தரையாகப் படுத்து ஓடைப்பக்கம் பார்த்தார். அதே கோட்டில் ஓடைக்கரைப் பாறையைத் தட்டினார், பாறை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கறுப்பையாவிடம் சிங்களத்தில் வெகுநேரம் கேட்டார், கறுப்பையா எல்லாவற்றுக்கும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். ஆய்வாளர் எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டு என்னிடம் சொன்னதன் சாரம் இது: பிளவு ஆற்றோரத்தில் இல்லை, இங்கே இருக்கிறது. இந்தச் சின்ன அதிர்வுகள் யாரையும் கொல்லாது. ஆனால் பிளவு நெடுக அடியில் பாறை நொறுங்கிப் போயிருக்கிறது. என்றைக்காவது கடும் மழையில் இந்தச் சரிவு இறங்கும். புதிய வீடு கட்டினாலும் இந்த இடத்தில் கட்டக்கூடாது.

அதாவது, தப்பு லயத்தில் எவரும் புதிய கட்டடம் எதுவும் கட்டக்கூடாது. என் நோட்டீசில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை.

7

அதன் பிறகு இன்னும் இரண்டு கருவிகள் வந்து, நான்கு மாதம் மூன்றிலும் காகிதம் மாற்றினேன். மூன்றையும் ஒப்பிட்டுப் பிளவைப் படத்தில் வரைந்தார்கள். சிவப்புக் கோடு ஒன்பதாம் லயத்துக்கு நடுவே போயிற்று. தொரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மேட்டில், ஏழாம் நம்பர் மலையில், நல்ல தேயிலை இரண்டு ஏக்கரைப் பிடுங்கிக் கொடுத்தார். பதினேழு லொறிக் கல்லும் மேலே ஏறியது. பதினான்கு வீடு, ஒவ்வொன்றும் தனிச் சுவரோடு. எங்கள் தோட்டத்தில் பக்கத்து வீட்டு இருமல் கேட்காத முதல் பதினான்கு வீடுகள் அவை, அவற்றுக்குப் போனவர்கள் தப்பு லயத்தார். மற்ற லயத்தார் ஆபீஸ் ஜன்னலில் வந்து, "எங்க லயத்துலயும் ஒரு தப்பு இருக்கான்னு பாருங்களேன் ஐயா" என்று கெஞ்சினார்கள்.

ஒன்பதாம் லயத்தைக் காலி பண்ணச் சொல்லும் நோட்டீசையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டு, ஒட்டுவதற்கு முன் கறுப்பையாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"இந்தத் தடவ என்ன தப்புங்க?" என்றார்.

"ரெண்டு தப்பும்தான்."

"அப்ப சரி, ஒட்டுங்க."

குடிபோன அன்று அவர் தப்பை எடுத்து அடித்துக்கொண்டே பிள்ளைக் காம்பராவைக் கடந்து மேலே போனார். மற்ற அறுபத்திரண்டு பேரும் பின்னால். கருவி ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தில் நீளமாகச் சீப்புப் பல் விழுந்தது. ஜயவீர அதற்குத் தானே வார்னிஷ் பூசி என்னிடம் தந்தார். அதுதான் இப்போது இந்த வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் ஓவியம் என்று நினைக்கிறார்கள்.

எழுபத்து நான்கு அரைப்பேரையும் முழுப்பேராக்கிவிடலாம் என்று அவர் சொன்னார். நான் ஆக்கவில்லை. ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று அப்போது நான் எண்ணவில்லையே.

8

கடிதம் கறுப்பையாவுடையது. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறாள்.

"கிளாக்கர் ஐயாவுக்கு. இங்க நாலு நாளு விடாம மழைங்க. அஞ்சாம் நாளு மத்தியானம் மலை இறங்கிருச்சு. பழைய லயம் இருந்த எடம் தெரியல. பிள்ளைக் காம்பராவும் போச்சு. ஓடை இப்ப வேற பக்கமா ஓடுது. பழைய எடத்துலயே கொட்டில் போட்டிருந்தேன், ரெண்டு ஆடு போச்சுங்க. மறுநாள் நான் தப்பு அடிச்சேன். பெரட்டுல பேர் கூப்பிட்டாங்க. எங்க ஒம்பதாம் நம்பர்ல இப்ப வேலைக்குப் பேர் உள்ளவங்க முப்பத்தொரு பேர். முப்பத்தொண்ணும் முழுப்பேருங்க. ஐயா எண்ணிப் பாக்கிற ஆளுன்னு அதையும் எழுதச் சொன்னேன்."

இதைச் சமையலறையில் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். சரோஜா எழுந்து வந்து கேட்டுவிட்டு, இரண்டு ஆட்டுக்காகத்தான் வருத்தப்பட்டாள். வேறு வருத்தப்பட ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கும் முழுதாக விளங்கியது. பாக்கியம் பாயசம் வைத்தாள். முந்திரிகையைக் குறைத்துப் போட்டாள், அது வேறு விஷயம்.

அது வெள்ளிக்கிழமை. இன்று காலை ஆட்டத்துக்குப் பிறகு மாலினி தன் தாளில் தப்பு லயம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். யானைக்கால் மாதிரி எழுத்து, 'ல'வுக்கு ஒரு வளைவு அதிகம். அகராதியில் வேறு சொல் இருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், இதற்குக் கதை இருக்கிறது, வகுப்பில் மற்றவர்களுடைய சொல்லுக்குக் கதை இல்லை என்றாள். கூடத்துக் காகிதத்தையும் கழற்றிக் கொண்டு போயிருக்கிறாள். கண்ணாடி உடையாமல் திரும்பி வர வேண்டும், எட்டரையிலிருந்து அதே கவலை.

அவள் போன பிறகு காலை ஆட்டத்துக்கான படிவத்தை நிரப்பினேன். பிறகு இன்னொரு படிவத்தை எடுத்தேன். இடம் என்ற வரியில் எங்கள் தோட்டத்தின் பெயரை எழுதினேன். நின்றீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா, பீங்கான் குலுங்கியதா, எல்லாவற்றையும் வெறுமையாக விட்டேன். இந்தப் படிவம் மண் சரிவுக்கானது அல்ல, இந்த நாட்டுக்கு வெளியே செல்லாது, எனக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் குப்பையில் போடலாம். பெயர் என்ற இடத்தில் அவர்கள் விருப்பப்படியே முத்தன் என்று எழுதினேன். அப்பாவும் அந்த மலையில்தான் வேலை செய்தார்.

கடைசிக் கேள்வி, எத்தனை பேருக்குக் காயம் அல்லது உயிர்ச்சேதம். கட்டம் சின்னது. நான் போட்ட பூஜ்யம் நாலு பக்கமும் கோட்டைத் தாண்டிவிட்டது.